ஜனாதிபதி பதவியும் ஜனங்களின் உரிமையும்

ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு ஜனாதிபதியை, அவருடைய காலம் முடிவதற்கு முன்பே பதவியினின்றும் விலகும்படி கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டா? அவர் விலக மறுத்தால், அவரை விலக்குவதற்கு நேர்மையான மார்க்கம் எது? இவ்விரு கேள்விகளும் சட்ட நிபுணர்கள் ஓய்வு நேரத்தில் விவாதிக்க வேண்டியவை என்றும், சாதாரண ஜனங்களுக்கு இவற்றால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்றும் எண்ணுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் 2022-ம் வருஷம் ஜூலை மாதம் 9-ந் தேதி கொழும்பு நகரில் நடந்ததை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும்.

அன்று ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஜனாதிபதி மாளிகையின் வாயிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். 2019 நவம்பரில் 69 லக்ஷத்துக்கு மேற்பட்ட ஓட்டுகளைப் பெற்று, 100-க்கு 52 பேருடைய ஆதரவுடன் பதவிக்கு வந்த ஸ்ரீ கோத்தபய ராஜபக்ஷ அதற்கு முன்பே அங்கிருந்து வெளியேறிவிட்டார். 13-ந் தேதி விடியற்காலையில் ராணுவ விமானத்தில் மாலத் தீவுக்கும், மறுநாள் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போய்ச் சேர்ந்தார். சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சல் மூலம் சபாநாயகருக்கு வந்த ஒரு கடிதத்துடன் அவருடைய ஆட்சி முடிவுற்றது. அந்த ராஜிநாமாவைத் தாம் ஏற்றுக்கொண்டதாக 15-ந் தேதி சபாநாயகர் அறிவித்தார். பதவிக் காலம் முடிய அப்போது இன்னும் இரண்டு வருஷமும் சில மாதங்களும் பாக்கியிருந்தன.

அவர் விலக வேண்டியவரே என்பதில் அன்று இலங்கை ஜனங்களில் பெரும்பாலோருக்கு அபிப்பிராய பேதம் இருக்கவில்லை. நமக்கும் இல்லை. நாம் இங்கே கேட்பது வேறு. ஒரு நாட்டின் தலைவரைப் பதவியினின்றும் இறக்குவதற்கு ஜனங்கள் ஏன் மாளிகையின் கதவை உடைக்க வேண்டியிருந்தது? ஜனாதிபதியை நீக்குவதற்கென்றே ஒரு விதி அந்நாட்டு அரசியல் சட்டத்தில் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த விதியின் ஒரு வரியாவது அந்த நெருக்கடியில் பயன்படாமற் போனதன் காரணம் யாது? இதை ஆராயாமல் ஓர் ஆட்சி ஒழிந்ததென்று ஆனந்தப்படுவது, தும்பை விட்டு வாலைப் பிடிப்பதற்கு ஒப்பாகும்.

முதலில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லுவோம். ஸ்ரீ கோத்தபய பதவியேற்றவுடனே வரிகளைப் பெரிய அளவில் குறைத்தார். மதிப்புக் கூட்டு வரி 100-க்கு 15-லிருந்து 8-ஆக இறங்கியது. சர்க்காரின் வருமானமும் அத்துடன் வீழ்ந்தது. 2020 ஆகஸ்டு பொதுத் தேர்தலில் அவருடைய கட்சி 225 ஸ்தானங்களில் 145-ஐக் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் மாதத்திலேயே 20-வது திருத்தத்தை நிறைவேற்றி, 2015-ல் 19-வது திருத்தம் ஜனாதிபதிக்குப் போட்ட கடிவாளங்களில் பெரும்பாலானவற்றை அறுத்தெறிந்தார்கள். 2021-ம் வருஷம் மே மாதத்தில் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவினால் தடை செய்தார். விவசாயிகள் கதறினார்கள்; விளைச்சல் சரிந்தது; சில மாதங்களில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற நேர்ந்தது. 2022 ஏப்ரல் 12-ந் தேதி, அந்நியக் கடன்களைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்திவிட்டதாக இலங்கை சர்க்கார் உலகத்துக்கு அறிவித்தது. சமையல் வாயுவுக்கும் பெட்ரோலுக்கும் ஜனங்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். வரிசையில் நின்றபடியே உயிர் விட்டவர்களும் உண்டு.

இவ்வளவு நேர்ந்தும் ஜனாதிபதி அசையவில்லை. தாம் ஐந்து வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், தோற்றுப்போனவராக வெளியேற முடியாது என்பதே அவருடைய நிலை. அந்த நிலைக்குச் சட்டம் இடங்கொடுத்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

1978-ம் வருஷத்து இலங்கை அரசியல் சட்டத்தின் 38-வது விதி கூறுவதாவது: அரசியல் சட்டத்தை வேண்டுமென்றே மீறுதல், ராஜத்துரோகம், லஞ்சம், அதிகார துஷ்பிரயோகம் முதலிய குற்றங்களை ஜனாதிபதியின்மீது சுமத்தி எந்த அங்கத்தினரும் சபாநாயகரிடம் பிரேரணை கொடுக்கலாம். ஆனால் அதில் பார்லிமெண்டின் மொத்த அங்கத்தினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அல்லது பாதிப் பேர் கையெழுத்திட்டு, விசாரணைக்கு முகாந்தரம் உண்டென்று சபாநாயகர் திருப்தியடைய வேண்டும். பிறகு சபை கூடி, மொத்தமுள்ள 225 பேரில் 150 பேர் ஆதரித்து ஓட்டளித்தால்தான் விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகும். கோர்ட்டு விசாரித்துக் குற்றம் உண்மையென்று அறிக்கை செய்த பின்னரும், மீண்டும் 150 பேர் ஓட்டளித்தால்தான் ஜனாதிபதி நீங்குவார். ஒரே கதவுக்கு நாலு பூட்டுகள்! அவற்றில் ஒன்று சபாநாயகரின் கையில். ஒன்று நீதிபதிகளின் கையில். மற்ற இரண்டும் பெரும்பாலும் ஜனாதிபதியின் சொந்தக் கட்சிக்காரர்களின் கையில்.

இந்தப் பூட்டுகளைத் திறக்க 1991-ம் வருஷத்தில் ஒரு முயற்சி நடந்தது. அப்போதைய ஜனாதிபதி ஸ்ரீ பிரேமதாஸாவுக்கு விரோதமாக, அவருடைய கட்சியின் பிரபல தலைவர்களான ஸ்ரீ லலித் அதுலத் முதலியும் ஸ்ரீ காமினி திஸாநாயகவும் எதிர்க் கட்சியாருடன் சேர்ந்து பிரேரணை கொண்டுவந்தார்கள். ஆகஸ்டு மாதக் கடைசியில் சபாநாயகர் அதை ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு நடந்தது நேயர்களின் கவனத்துக்கு உரியது. நீக்கப் பிரேரணையைச் சபாநாயகர் ஏற்ற பிறகு பார்லிமெண்டைக் கலைக்கக் கூடாதென்று சட்டம் ஜனாதிபதியைத் தடுக்கிறது. ஆனால் கூட்டத் தொடரை ஒத்திவைப்பதற்குத் தடையில்லை. ஸ்ரீ பிரேமதாஸா பார்லிமெண்டை ஒத்திவைத்தார். சபை கூடாதிருந்த அந்த நாட்களில், கையெழுத்திட்டவர்களில் சிலர் பின்வாங்கினார்கள். அக்டோபர் மாதத்தில், செல்லத்தக்க கையெழுத்துக்கள் போதிய அளவு இல்லையென்று கூறிச் சபாநாயகர் பிரேரணையைத் தள்ளிவிட்டார். பிரேரணைக்குத் தலைமை வகித்தவர்கள் கட்சியினின்றும் விலக்கப்பட்டார்கள். அதன் விளைவாகப் பார்லிமெண்டு ஸ்தானங்களையும் இழந்தார்கள். கட்சியினின்றும் நீங்கிய அங்கத்தினர் சபையினின்றும் நீங்கவேண்டும் என்று அந்த அரசியல் சட்டமே விதித்திருக்கிறது. ஜனாதிபதியை விசாரிக்க வேண்டுமென்று சொன்னவர்களின் பதவி பறிபோயிற்று. விசாரிக்கப்பட வேண்டியவரின் பதவி நிலைத்தது.

இது தற்செயலாக நேர்ந்த குறையன்று. இந்த ஜனாதிபதி முறையை ஏற்படுத்திய ஸ்ரீ ஜே. ஆர். ஜயவர்த்தன, 1982-ம் வருஷத்தில் தமது கட்சி அங்கத்தினர்களிடம் தேதி போடாத ராஜிநாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார் என்பது சரித்திரப் பிரசித்தம். ஜனாதிபதியைக் கண்டித்துக் கேள்வி கேட்க வேண்டிய அங்கத்தினர்களின் ராஜிநாமாக்கள் ஜனாதிபதியின் சட்டைப் பையில் கிடந்தன. அப்படிப்பட்டவர்கள் 150 பேர் எழுந்து நின்று அவரை நீக்குவார்கள் என்று எதிர்பார்ப்பது, வேலியே பயிரை மேயும்போது வேலியிடம் முறையிடுவது போலாகும்.

மீண்டும் 2022-க்கு வருவோம். ஏப்ரல் மாத ஆரம்பத்தில் மந்திரிகள் கூண்டோடு ராஜிநாமா கொடுத்தார்கள். சர்க்கார் தரப்பைச் சேர்ந்த சுமார் 40 அங்கத்தினர்கள் தாங்கள் இனிச் சுயேச்சையாக இயங்குவதாக அறிவித்தார்கள். ஏப்ரல் 9-ந் தேதி முதல் காலிமுகத் திடலில் ஜனங்கள் கூடாரம் அடித்து, ஜனாதிபதி விலகவேண்டுமென்று கிளர்ச்சி செய்தார்கள். மே 9-ந் தேதி சர்க்கார் ஆதரவாளர்கள் அவர்களைத் தாக்க, நாடெங்கும் கலவரம் மூண்டது. ஜனாதிபதியின் தமையனாரான பிரதம மந்திரி ஸ்ரீ மஹிந்த ராஜபக்ஷ அன்றே விலகினார். இந்த நிலையில் மே 17-ந் தேதி, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஸ்ரீ சுமந்திரன், ஜனாதிபதியின்மீது அதிருப்தி தெரிவிக்கும் பிரேரணையை உடனே விவாதிக்க இடந்தர வேண்டுமென்று சபையில் கோரினார். அது நீக்கும் பிரேரணையன்று. அதிருப்தியைத் தெரிவிப்பது மட்டுமே. அதற்குக்கூட ஆதரவாக 68 பேரும் எதிராக 119 பேரும் ஓட்டளித்தார்கள். நாடு முழுவதும் தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்த விஷயத்தை, நாட்டின் சபை பேச மறுத்தது. அதன்பின் எட்டு வாரங்கள் கூடக் கழியவில்லை. ஜனங்கள் மாளிகைக்குள் நுழைந்தார்கள்.

இதிலிருந்து நாம் காணும் உண்மை ஒன்றே. ஜனாதிபதியை அவருடைய எதிரிகள் வீழ்த்துவதில்லை.  அவரை நிறுத்தி வைப்பவர்களும் விலகச் செய்பவர்களும் அவருடைய சொந்தக் கட்சியாரே. அவர்களிடம் கட்சியைக் காட்டிலும் தேசம் பெரிது என்ற உணர்ச்சியும், அந்த உணர்ச்சிப்படி நடப்பவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் இருந்தால், நீக்கும் விதி உயிருள்ள விதியாகும். இல்லாவிட்டால் அது ஏட்டுச் சுரைக்காய்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரித்திரம் இதற்குச் சாக்ஷி பகரும். அங்கே ஜனப் பிரதிநிதி சபை சாதாரண மெஜாரிட்டியால் ஜனாதிபதியின்மீது குற்றஞ் சாட்டலாம். ஆனால் ஸெனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கினர் ஓட்டளித்தால்தான் அவர் நீங்குவார். 1868-ல் மிஸ்டர் ஆண்ட்ரு ஜான்ஸன் ஒரே ஓட்டில் தப்பினார். 1999-ல் மிஸ்டர் கிளிண்டனும், 2020-லும் 2021-லும் மிஸ்டர் டிரம்ப்பும் ஸெனட் விசாரணையில் விடுதலையானார்கள். இந்த வழியாக நீக்கப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி இதுவரை ஒருவருமில்லை. ஆனால் மிஸ்டர் நிக்ஸன்? 1972 தேர்தலில் 50 ராஜ்யங்களில் 49-ஐ வென்றவர் அவர். வாட்டர்கேட் விவகாரத்தில் உண்மையை மறைக்க முயன்றது ஒலி நாடாக்களின் மூலம் அம்பலமானபோது, 1974 ஆகஸ்டு 7-ந் தேதி அவருடைய கட்சியின் மூத்த தலைவர்களான மிஸ்டர் கோல்டுவாட்டர், மிஸ்டர் ஸ்காட், மிஸ்டர் ரோட்ஸ் ஆகிய மூவரும் அவரை நேரில் கண்டு, காங்கிரஸில் அவருக்கு ஆதரவு கரைந்துவிட்டதை எடுத்துரைத்தார்கள். மறுநாள் இரவு அவர் ராஜிநாமாவை அறிவித்தார். 9-ந் தேதி பதவியை விட்டார். மாளிகையின் கதவு எதுவும் உடையவில்லை. சொந்தக் கட்சியார் மூவர் உண்மையைச் சொன்னதே போதுமானதாயிருந்தது.

இதைவிடச் சமீப காலத்திய உதாரணம் தென் கொரியா. 2024 டிஸம்பர் 3-ந் தேதி இரவு ஜனாதிபதி யூன் ஸுக் யோல் திடீரென ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். படைவீரர்கள் சட்டசபைக் கட்டிடத்துக்குள் புகுந்தார்கள். அங்கத்தினர்கள் 190 பேர் எப்படியோ உள்ளே வந்து சேர்ந்து, அந்தப் பிரகடனம் ரத்தாக வேண்டுமென்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். விடிவதற்குள் அது வாபஸாயிற்று. நாலு நாள் கழித்து அவரை நீக்கும் பிரேரணை வந்தபோது, அவருடைய கட்சியார் ஏறக்குறைய எல்லோரும் சபையை விட்டு வெளியேறினார்கள். வேண்டியது 200 ஓட்டு, பதிவானது 195. பிரேரணை வீணாயிற்று. லக்ஷக்கணக்கான ஜனங்கள் கடும் பனியில் சட்டசபைக்கு வெளியே பாட்டுப் பாடிக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் கல்லெறியவில்லை. 14-ந் தேதி மறுபடியும் ஓட்டெடுத்தபோது 204 பேர் ஆதரித்தார்கள். அதாவது ஆளும் கட்சியைச் சேர்ந்தவர்களில் குறைந்தது 12 பேர் மனச்சாக்ஷியின்படி நடந்தார்கள். அந்தக் கணமே ஜனாதிபதியின் அதிகாரங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2025 ஏப்ரல் 4-ந் தேதி அரசியல் சட்டக் கோர்ட்டின் நீதிபதிகள் எட்டுப் பேரும் ஒருமித்து அவரை நீக்கினார்கள். ஜூன் 3-ந் தேதி ஜனங்கள் புதிய ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரகடனம் முதல் புதிய தேர்தல் வரையில் சரியாக ஆறு மாதம்.

இந்த 12 பேரையும் இலங்கையின் 119 பேரையும் நேயர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறோம். தென் கொரியர்கள் இயற்கையிலேயே அதிக யோக்கியர்கள் என்று நாம் சொல்லவில்லை. முதல் முறை அவர்களும் வெளிநடப்புத்தான் செய்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஏழு நாளில் மனம் மாற வழியிருந்தது. மனம் மாறியவரின் ஸ்தானத்தை அவருடைய கட்சி பறித்துக்கொள்ள அங்கே முடியாது. தீர்ப்பளிக்க ஒரு கோர்ட்டு காத்திருந்தது. சபையை ஒத்திவைத்துத் தப்ப ஜனாதிபதிக்கு இடமில்லை.

இதற்கு ஆக்ஷேபம் கூறுவோரும் உண்டு. "லக்ஷக்கணக்கானவர் தேர்ந்தெடுத்த ஒருவரைச் சில நூறு அங்கத்தினர்கள் தள்ளிவிடலாமா? எதிர்க் கட்சிகள் தேர்தலில் தோற்றதைச் சபையில் வெல்லப் பார்க்க மாட்டார்களா? சர்க்கார் நிலைத்து நிற்பது எப்படி?" என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. இதற்கும் தென் கொரியாவே விடை கூறுகிறது. 2004-ல் அந்நாட்டுச் சட்டசபை மிஸ்டர் ரோ மூ ஹ்யூன் என்ற ஜனாதிபதியை நீக்கத் தீர்மானித்தது. கோர்ட்டு விசாரித்து, அவர் செய்த பிழை பதவியைப் பறிக்கத்தக்கதன்று என்று கூறி இரண்டு மாதத்தில் அவரை மறுபடியும் ஆசனத்தில் அமர்த்தியது. நேர்மையான விசாரணை என்பது குற்றவாளிக்கு மட்டுமே ஆபத்து. குற்றமற்றவருக்கு அது அரண். மேலும் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்த அதே ஜனங்கள்தாம் அங்கத்தினர்களையும் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து வருஷம் என்று சட்டம் குறிப்பது, அதற்கு மேல் ஒருவர் இருக்கக் கூடாது என்பதற்காக. அதற்குள் என்ன செய்தாலும் இருக்கலாம் என்பதற்காக அன்று. பதவி என்பது ஜனங்கள் ஒப்படைத்த அடைக்கலப் பொருள். பாட்டன் தேடி வைத்த சொத்தன்று.

தெருவிலிறங்கிய ஜனங்களை நாம் குறை கூறவில்லை. காலிமுகத் திடலில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்று பல வாரங்கள் அமைதியாகப் போராடினார்கள். ஆனால் தெருவழி எப்போதும் அபாயமான வழி என்பதையும் மறைக்கக் கூடாது. மே 9-ந் தேதிக் கலவரத்தில் சர்க்கார் கட்சி அங்கத்தினர் ஒருவர் உட்படப் பலர் உயிரிழந்தார்கள், வீடுகள் தீக்கிரையாயின. இத்தனை தியாகத்துக்கும் பிறகு நேர்ந்தது என்ன? மீதியிருந்த காலத்துக்கு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டம் ஜனங்களுக்குக் கொடுக்கவில்லை, பார்லிமெண்டுக்கே கொடுத்தது. மே மாதத்தில் விவாதத்துக்கே இடங்கொடாத அதே சபை, ஜூலை 20-ந் தேதி கூடி 134 ஓட்டுகளால் ஸ்ரீ ரணில் விக்கிரமசிங்கவைத் தேர்ந்தெடுத்தது. அவருடைய கட்சிக்கு அந்தச் சபையில் ஒரே ஒரு ஸ்தானம்தான் இருந்தது. இரண்டு நாளில் காலிமுகத் திடலின் கூடாரங்களை ராணுவம் பலாத்காரமாக அகற்றியது. ஜனங்கள் ஒரு மனிதரை அகற்றினார்கள். அவர் அமர்ந்திருந்த ஆசனத்தின் அதிகாரமோ அணுவளவும் குறையாமல் அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்தது.

தமிழர்களைப் பொறுத்த வரையில் இந்த விஷயத்தில் இன்னொரு பாடமும் உண்டு. நிர்வாக ஜனாதிபதி முறையின் பாரத்தைத் தென்னிலங்கைக்கு வெகு காலத்துக்கு முன்பே வடக்கும் கிழக்கும் சுமந்துவிட்டன. 1979-ல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும், 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின் தமிழ்ப் பிரதிநிதிகளைச் சபையினின்றும் வெளியேற்றிய ஆறாவது திருத்தமும் அந்த ஆட்சியின் கீழ் பிறந்தவையே. 2022 கிளர்ச்சி யாழ்ப்பாணத்தில் கொழும்பைப்போல் வேரூன்றாததற்குக் காரணம் அங்குள்ளவர்களுக்குப் பசியில்லை என்பதன்று. தாங்கள் ஜனாதிபதிகளின் அதிகாரத்தால் வாடிய காலத்தில் தெற்கு மௌனமாயிருந்ததை அவர்கள் மறக்கவில்லை. ஆயினும் மே 18-ந் தேதி காலிமுகத் திடலில் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களை நினைத்து விளக்கேற்றிக் கஞ்சி பகிர்ந்தார்கள் என்பது அற்ப விஷயமன்று. நீக்கும் விதி எவ்வளவு செம்மையாக இருந்தாலும், சிறுபான்மையோருக்கு இழைக்கும் அநீதியைப் பெரும்பான்மைச் சபை கொண்டாடும் வரையில் அந்த விதி அவர்களுக்கு உதவாது. அவர்களுக்கு உண்மையான பாதுகாப்பு, ஒரே கையில் குவிந்த அதிகாரத்தைப் பிரித்துக் கொடுப்பதில்தான் இருக்கிறது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நாம் பாதி உண்மையே பேசினவர்களாவோம்.

2023 நவம்பர் மாதத்தில் இலங்கை சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பளித்தது. பொருளாதார வீழ்ச்சிக்கு ஸ்ரீ கோத்தபயவும் அவருடைய சகோதரர்கள் இருவரும் வேறு சில உயர் அதிகாரிகளும் பொறுப்பாளிகள் என்றும், ஜனங்கள் தங்களிடம் வைத்த நம்பிக்கையை அவர்கள் மீறினார்கள் என்றும் நீதிபதிகளில் பெரும்பான்மையோர் கூறினார்கள். உண்மையை உரைத்த தீர்ப்பு. ஆனால் மாளிகை காலியாகிப் பதினாறு மாதம் கழித்து வந்த தீர்ப்பு. இதே கோர்ட்டின் முன் இதே கேள்வியை 38-வது விதியின்படி உரிய காலத்தில் வைத்திருந்தால், வரிசையில் நின்ற ஜனங்களின் துன்பம் எவ்வளவோ சுருங்கியிருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? நமது அபிப்பிராயத்தில் சிறந்த பரிகாரம், நிர்வாக அதிகாரத்தைப் பார்லிமெண்டுக்குக் கட்டுப்பட்ட பிரதம மந்திரியிடமும் மந்திரி சபையிடமும் திருப்பிக் கொடுப்பதே. பிரதம மந்திரியை விலக்க 150 பேரும் வேண்டாம், நீதிபதிகளும் வேண்டாம். 113 பேர் நம்பிக்கையில்லை என்று சொன்னால் ஒரே நாளில் காரியம் முடிந்தது. ஜனாதிபதி முறை நீடிக்குமானால், குறைந்த பக்ஷம் ஐந்து திருத்தங்களாவது அவசியம். பாதி அங்கத்தினர்கள் கேட்டால் விசாரணை தொடங்கிவிட வேண்டும்; நீக்குவதற்கு மட்டும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். விசாரணையைத் தொடங்குவது எளிதாகவும் நீக்குவது கடினமாகவும் இருப்பதே நியாயம். பிரேரணை சபாநாயகரிடம் சேர்ந்த நிமிஷம் முதல் சபையை ஒத்திவைக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு இருக்கக் கூடாது. சபாநாயகரும் கோர்ட்டும் முடிவு சொல்லக் கால வரையறை வேண்டும். நீக்கப் பிரேரணையில் எப்படி ஓட்டளித்தாலும் அதற்காக எந்த அங்கத்தினரும் ஸ்தானத்தை இழக்கக் கூடாது. கடைசியாக, காலத்துக்கு முன்பே காலியாகும் பதவிக்கு, நீண்ட காலம் பாக்கியிருக்குமானால், தென் கொரியாவில் போல் 60 நாளுக்குள் ஜனங்களே மறு தேர்தல் நடத்திக்கொள்ள வேண்டும்.

இந்த ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக இலங்கை ஜனங்களுக்கு வாக்குறுதி கொடுத்தவர்கள் பலர். 1994-ல் ஸ்ரீமதி சந்திரிகா குமாரதுங்க கொடுத்தார். 2005-ல் ஸ்ரீ மஹிந்த ராஜபக்ஷ கொடுத்தார். 2015-ல் ஸ்ரீ மைத்திரிபால சிறிசேன கொடுத்து, கிணற்றில் பாதி தாண்டினார். ஆசனத்தில் அமராதவரைக்கும் அது தீமையாகத் தோன்றுகிறது. அமர்ந்த பிறகு அதன் மெத்தை சுகமாயிருக்கிறது. 2024-ல் ஸ்ரீ அநுர குமார திஸாநாயகவும் அதே வாக்குறுதியுடன் தேர்தலுக்கு நின்று வெற்றி பெற்றார். அந்த ஆண்டு நவம்பரில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225-ல் 159 ஸ்தானங்களை அடைந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஸ்தானங்களில் மூன்று அதற்கே கிடைத்தன. அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு பலத்தை வடக்கும் தெற்கும் சேர்ந்து கொடுத்திருக்கின்றன. இந்த முறையை அடியோடு ஒழிக்க ஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்பது மெய்யே. ஜனங்களைக் கேட்க அஞ்சாதவர்களுக்கு அது தடையாகாது. முன்னே வந்தவர்கள் "பலமில்லை" என்று சொல்லித் தப்பினார்கள்; அந்தச் சமாதானம் இனி எடுபடாது.

தாமே விரும்பி அதிகாரத்தைக் குறைத்துக்கொள்ளும் ஆட்சியாளர் உலகில் அபூர்வம். ஆகையால் அதைக் கேட்டு வாங்க வேண்டியது ஜனங்களின் கடமை. அதுவும் நெருக்கடி வந்த பிறகு அன்று. நாடு அமைதியாயிருக்கும்போது, ஆளுவோர்மீது ஜனங்களுக்கு நல்லெண்ணம் இருக்கும்போதே கேட்க வேண்டும். வெள்ளம் வந்த பின் அணை கட்ட முடியாது. இன்றைய ஜனாதிபதி நல்லவர் என்று நம்புவோரே இதை முன்னின்று கேட்கத் தகுந்தவர்கள். நல்லவருக்கு இந்தத் திருத்தங்களால் ஒரு நஷ்டமுமில்லை; நாளை வரப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்பதை யாரும் அறியார்.

தேர்தல் காலத்தில் ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு பார்லிமெண்டு அபேக்ஷகரிடமும் ஜனங்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: "உங்கள் தலைவர் தவறு செய்தால், எழுந்து நின்று விலகும்படி சொல்லுவீர்களா?" நேராக விடை சொல்லாதவருக்கு ஓட்டுக் கொடுக்கலாகாது. மாளிகையின் கதவைக் காப்பது காவற்காரர்களல்லர். சபையில் உட்கார்ந்திருக்கும் அந்த அங்கத்தினர்களே. அவர்கள் உரிய காலத்தில் அதைச் சட்டப்படி திறந்துவிட்டால், ஜனங்கள் அதை உடைக்க வேண்டிய அவசியம் ஒருநாளும் நேராது.